ஆட்டக் கூடாத கை

பிரேக் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற வாத்தியார்கள் ஆபத்துக்கு மட்டும் அதை மிதிப்பார்கள். அக்கா, எதிரே கோழி வந்தாலும் மிதிப்பாள், கோழி வரும்போல் தோன்றினாலும் மிதிப்பாள். கூடவே வாயும் ஓடிக்கொண்டிருக்கும். "கிளட்ச்ச விடு. மெதுவா விடு. மெதுவான்னுதான் சொன்னேன், தூங்கச் சொல்லல" என்று ஆரம்பித்தால், வண்டி நின்ற பிறகும் அவள் நிற்க ஐந்து நிமிடம் பிடிக்கும். இருபத்தொன்பது வருடமாக இதே கதைதான். அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிய பிறகுதான் லைசென்ஸ் வாங்கினார்கள்.

அவளுக்கு வாய்த்த கணவரோ, பேச்சைச் சேமித்து வைத்து என்ன செய்யப்போகிறாரோ என்று எல்லோரும் கேலி பேசும் ஆள். லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடிக்கும் மேலே இருக்கும் மோட்டார் அறையில், மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காதைத் தீட்டி நிற்பார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்தக் கம்பிக்கயிறு தளர்ந்திருக்கிறது என்று கையும் காதும் சொல்லிவிடும். கட்டடத்துக்காரர்கள் "என்னாச்சு சார், எப்ப சரியாகும்?" என்று குடைந்தால், ஒரு விரலைக் காட்டுவார். ஒரு மணி நேரம் என்று அவர்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்த விதமும் அப்படித்தான். கம்பெனியில் அவருக்கு வேன் கொடுக்கப்போகிறார்கள் என்று ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். பதினாறு நாள் வகுப்பில் அவர் வாயைத் திறக்கவே இல்லை. அக்கா மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். வலது பாதத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்கிறார் என்று அதற்கே நூறு முறை திட்டியிருப்பாள். கடைசி நாள் இறங்கும்போது, "நல்லா சொல்லிக்குடுத்தீங்க" என்றார். திட்டு வாங்கியவர்களில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அடுத்த வருடம் கல்யாணம்.

அதன்பிறகு இருபத்தேழு வருடம். யாராவது அவரைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "நல்லா இருக்காரு, முட்டிதான் கொஞ்சம் வலிக்குதுங்கறாரு" என்று அக்கா சொல்வாள். முட்டி வலிக்கிறது என்று அவர் அவளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். படி ஏறுவதைப் பார்த்து அவளே கண்டுபிடித்திருப்பாள். அவர் "ம்" என்பார். பசி என்றால் ஒரு "ம்", வேண்டாம் என்றால் கொஞ்சம் இழுத்த "ம்", சும்மா இரேன் என்றால் மூக்கிலிருந்து வரும் "ம்". மகள் பெரியவளாகி வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டில் ஒரு வானொலியும் அதைக் கேட்பவரும் மட்டும் மிச்சம். இரண்டு பேருக்குமே அது பிடித்துத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது என்பதைக்கூட அவருடன் வேலை செய்பவர்தான் போன் போட்டுச் சொன்னார். அக்கா அன்றைக்கே வகுப்பை நிறுத்திவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று சுருங்கியிருக்கிறது, மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு அந்த இடத்தை விரித்து ஸ்டென்ட் வைத்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார் இதய டாக்டர். அக்கா இருபது கேள்வி கேட்டாள். இருபதுக்கும் பதில் வந்த பிறகு, "பண்ணிக்கலாங்கறாரு" என்றாள். அவர் "ம்" என்றார்.

எல்லாம் சொன்னபடி நடந்தது. பதினொரு மணிவாக்கில் அவரைச் சக்கரக் கட்டிலில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆறு கட்டில் போட்ட அறை, கட்டிலுக்குக் கட்டில் பச்சைத் திரை. வலது மணிக்கட்டில் காற்றடைத்த ஒரு பட்டையை இறுக்கிக் கட்டி, கையைத் தலையணைமேல் வைத்திருந்தார்கள். நர்ஸ் அக்காவைப் பார்த்தே சொன்னாள். யாரிடம் சொன்னால் வேலை நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அம்மா, இந்தக் கையை ஆட்டக் கூடாது, மடக்கக் கூடாது, ஊனக் கூடாது. ஆட்டினா ரத்தம் வரும். பாத்துக்கங்க."

"நீ போம்மா. நான் இருக்கேன்ல" என்றாள் அக்கா.

அப்போது அவள் போன் அடித்தது. அன்றைக்கு டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போயிருந்த பல் டாக்டர். மூன்று முறை தோற்றவர். ஊரில் உள்ள பல்லையெல்லாம் கை நடுங்காமல் பிடுங்குகிற பெண்மணி, ரிவர்ஸ் கியரைத் தொட்டால் மட்டும் வெடவெடத்துப் போவார். "கண்ணாடிய பாருங்க, கழுத்தத் திருப்புங்க, என்னை நினைச்சுக்காதீங்க, நினைச்சா பிரேக் போட்டுடுவீங்க" என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

கட்டிலிலிருந்து, "வண்டிய வெயில்ல விட்டுட்டியா?" என்று கேட்டார் அவர்.

"இல்லைங்க, நிழல்லதான் போட்டிருக்கேன். பேசாம படுங்க" என்றாள் அக்கா. அவரும் பேசாமல் படுத்தார்.

பிறகு அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அந்தக் கையைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். பக்கத்துக் கட்டில்காரர் தன் பட்டையைச் சொறிவதும், நர்ஸிடம் திட்டு வாங்குவதுமாக இருந்தார். அவருடன் வந்த தங்கையிடம் அக்கா பெருமையடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரப் பாருங்க. சொன்னா சொன்னதுதான். ஒரு விரல் அசையணுமே."

அசையவே இல்லை. அக்கா பேசிக்கொண்டிருந்தாள். மகள் சாயங்காலம் வருகிறாள் என்றாள். இனிமேல் மாடி ஏறுகிற வேலைக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கம்பெனியில் தானே பேசப்போவதாகச் சொன்னாள். நடுநடுவே "என்னங்க?" என்று கேட்டாள், பதிலுக்கு நிற்காமல் மேலே போனாள். அவர் "ம்" என்றாரா, இல்லையா? பிற்பாடு எத்தனையோ முறை யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சொன்னதாகவே அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வாயின் ஒரு ஓரம் லேசாகக் கோணியிருந்தது. தன் பேச்சைக் கேட்டு உள்ளுக்குள் சிரிக்கிறார் என்று நினைத்து, "என்ன நக்கலா?" என்றுகூடக் கேட்டாள்.

போர்வை நழுவியது. இழுத்துவிடக் குனிந்தவள் அவர் பாதங்களைப் பார்த்தாள். இருபத்தொன்பது வருடமாக மற்றவர்கள் பாதத்தைப் பார்த்தே பிழைப்பவள் அவள். முகத்தைப் பார்த்து ஏமாறுவாள், பாதத்தைப் பார்த்து ஏமாற மாட்டாள். இடது பாதம் மேலே பார்த்து நின்றது. வலது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அது அவருடைய பழைய சாய்வு இல்லை. பிடிமானமே இல்லாமல், கழற்றிப் போட்ட செருப்பாகக் கிடந்தது.

"பாதத்த நேரா வைங்க" என்றாள் பழக்க தோஷத்தில்.

வைக்கவில்லை.

"ஏங்க, பிரேக் புடிங்க" என்றாள். வலது காலுக்கான வேலை அது. தூக்கத்தில் சொன்னாலும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் இடது பாதம் கொஞ்சம் அழுந்தியது. வலது பாதம் அப்படியே கிடந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் சிரிப்பு எதுவும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மணியை அடித்தாள். நர்ஸ் வருவதற்குள் இன்னும் மூன்று முறை அடித்தாள்.

"மயக்கம் வர்றதுக்குக் கொஞ்சம் மருந்து குடுத்திருப்பாங்கம்மா. அசதியா இருக்கும்" என்றாள் நர்ஸ்.

"அசதின்னா ரெண்டு காலும்ல அசதியா இருக்கணும்? ஒரு காலுக்கு மட்டும் எப்படி அசதி வரும்?"

நர்ஸின் முகம் மாறியது. நல்ல பெண், இரண்டாவது முறை சொல்ல வைக்கவில்லை. அவர் பக்கம் குனிந்து, "ஐயா, சிரிங்க பாப்போம்" என்றாள். பாதி வாய்தான் சிரித்தது. "உங்க பேரச் சொல்லுங்க." தொண்டையில் ஏதோ புரண்டது, பேர் வரவில்லை. மணிக்கட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டவே கூடாது என்று தான் சொன்ன அந்தக் கையை அவளே மேலே தூக்கி, மெல்ல விட்டாள். அது தொப்பென்று தலையணையில் விழுந்தது. சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை நர்ஸ் அழுத்தினாள். ஒரு நிமிடத்தில் அந்தத் திரைக்குள் நிற்க இடமில்லாமல் ஆள் சேர்ந்துவிட்டது.

குள்ளமாக, வேக நடையாக ஒரு பெண் டாக்டர் வந்தார். மூளைக்கான டாக்டர். பக்கவாதம் என்றார். அக்காவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லாப் பேசினார்? உத்தேசமா வேண்டாம்மா. சரியா வேணும். அத வச்சுத்தான் நாங்க என்ன பண்ணலாம்னு முடிவு பண்ணணும்."

அக்கா போனை எடுத்தாள். பல் டாக்டரின் அழைப்பு பதினொன்று பன்னிரண்டுக்கு வந்திருந்தது, இரண்டு நிமிடம் பேசியிருந்தாள். அதை வைத்த கையோடுதான் வெயிலைப் பற்றிக் கேட்டார். "பதினொன்னு பதினாலு" என்றாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பத்தாறு.

"நான் பக்கத்துலதான் டாக்டர் இருந்தேன். ஒரு நிமிஷம் எந்திரிக்கல. அந்தக் கை ஆடாம பாத்துக்கிட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. நாற்பது நிமிடத்துக்கு மேல், உயிரில்லாத கையை உட்கார்ந்து காவல் காத்திருக்கிறாள். அதற்குப் பெருமை வேறு. யாராவது ஓங்கி ஓர் அறை கொடுத்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"நீங்க பாத்ததாலதான் இப்பவாவது தெரிஞ்சுது. நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, டாக்டர் கட்டிலோடு கிளம்பினார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு இல்லை. இடது பக்கம் ஒரு பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு. பேச்சும் வலது கை காலும் அந்தப் பக்கத்து அதிகாரம். இதய டாக்டர் பாதி கழற்றிய கையுறையோடு ஓடிவந்தார். அக்கா அவரைக் கடித்துக் குதறிவிடும் கோபத்தில்தான் இருந்தாள். ஆனால் அவர் முந்திக்கொண்டார்.

"அம்மா, மறைக்காம சொல்லிடறேன். இது நாங்க பண்ணின சிகிச்சையால வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குழாய உள்ள கொண்டுபோகும்போது ரத்தக்குழாய் சுவர்ல ஒட்டியிருந்த துணுக்கு எதாவது பிச்சுக்கிட்டுப் போகலாம், இல்ல குழாய்லயே சின்னதா ரத்தம் உறைஞ்சு மேல போகலாம். ஆயிரம் பேருக்குப் பண்ணினா ரெண்டு மூணு பேருக்கு இப்படி ஆகுது. அந்த ரெண்டு மூணு பேர்ல உங்க வீட்டுக்காரர் வந்துட்டார்."

"மருந்து குடுத்துக் கரைங்க" என்றாள் அக்கா.

மூளை டாக்டர் முடியாது என்று தலையசைத்தார். "சாதாரணமா குடுப்போம். ஆனா ஸ்டென்ட் வைக்கறப்ப ரத்தம் உறையாம இருக்க ஏற்கனவே மருந்து குடுத்திருக்காங்க. அதுமேல இதையும் குடுத்தா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். அதனால தொடை வழியா குழாய விட்டு, அந்தக் கட்டியப் பிடிச்சு வெளிய இழுத்துடலாம்னு பாக்கறோம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. விட்டுட்டா, பேச்சும் கையும் திரும்புறது கஷ்டம்."

"குழாய் விட்டுத்தான் இது வந்துச்சுங்கறீங்க. மறுபடியும் குழாயா?"

"ஆமாம்மா. மறுபடியும் குழாய்தான்."

இரண்டு டாக்டர்களும் சுற்றிவளைக்காமல் சொன்னதுதான் அக்காவுக்குத் தைரியம் கொடுத்தது. தப்பை மறைப்பவனிடம்தான் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்பது அவள் தொழிலில் கண்ட பாடம். இருந்தாலும் பேனாவைக் கையில் வாங்கியவளுக்குக் கையெழுத்து வரவில்லை. இருபத்தேழு வருடமாகக் கணவர் சார்பில் எத்தனை முடிவு எடுத்திருக்கிறாள்! வீட்டுக்கு என்ன பெயின்ட், மகளுக்கு எந்தக் கல்லூரி, அவருக்கு என்ன சட்டை. எதற்கும் நின்று யோசித்தவள் இல்லை. இன்றைக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு "ம்" கிடைத்தால் போதும் என்று தவித்தாள். கட்டிலில் குனிந்து, "ஏங்க, பண்ணிக்கலாமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, முதல் முறையாகப் பதிலுக்காக நின்றாள். அவர் இடது கை அவள் விரல்களைத் தேடிப்பிடித்து இறுக்கியது. கையெழுத்துப் போட்டாள்.

வெளியே நீளமான நடை, பிளாஸ்டிக் நாற்காலிகள். மகளுக்குப் போன் போட்டு, பஸ்ஸில் வராதே, கிடைக்கிற முதல் வண்டியைப் பிடி என்றாள். பிறகு பேச யாரும் இல்லை. போன் மறுபடியும் அடித்தது.

"அக்கா! பாஸ்! ரிவர்ஸ்ல ஒரு தடவகூட இடிக்கல!" என்று கத்தினார் பல் டாக்டர்.

அக்கா வாழ்த்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அரை மணி நேரத்தில் பல் டாக்டர் அங்கே வந்து நின்றார், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு. வாசலில் ஒரு தூணை லேசாக உரசியிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷி. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பதும் ஓர் உதவிதான் என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்றே முக்காலுக்கு மூளை டாக்டர் வெளியே வந்தார். வெள்ளைத் துணித்துண்டின் மேல் எதையோ வைத்துக் காட்டினார். கருஞ்சிவப்பாக, ஒரு மிளகில் பாதிகூட இல்லை.

"இதுக்கா இவ்வளவும்?" என்றாள் அக்கா.

"இதுக்குத்தான். முழுசா வந்துடுச்சு. ரத்தம் நல்லா ஓடுது."

சாயங்காலம் மகள் வந்து சேர்ந்தபோது அவர் வலது முழங்காலை மடக்கிக் காட்டினார். அக்காவுக்கு வயிற்றில் பாலை வார்த்தது மாதிரி இருந்தது. மறுநாள் கைவிரல்கள் கொஞ்சம் அசைந்தன. பட்டையைக் கழற்றியாகிவிட்டது, ஆட்டலாம், ஆட்டத்தான் வேண்டும் என்றாள் அதே நர்ஸ். இனிமேல் மணிக்கட்டில் குழாய் விட்டு வருகிற ஒவ்வொருவரையும் கால் மணிக்கு ஒருதரம் சிரிக்கச் சொல்லி, பேசச் சொல்லி, விரலையும் இரண்டு காலையும் அசைக்கச் சொல்லிப் பார்க்கப்போகிறோம், கை அசைக்கக் கூடாது என்று மொட்டையாகச் சொல்வதையும் நிறுத்திவிட்டோம் என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அக்கா அவள் கன்னத்தைத் தட்டி, "நீ ஓடிவந்தல்ல, அது போதும்" என்றாள்.

பேச்சுதான் அடம்பிடித்தது. அவருக்குச் சொல்ல வரவில்லையே தவிர, மற்றவர்கள் சொல்வது அவருக்கு ஓரளவு புரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வெளியே வந்தது: "மேல." தண்ணீர் வேண்டும் என்றாலும் மேல, ஜன்னலை மூடு என்றாலும் மேல, மகளைக் கூப்பிட்டாலும் மேல. முப்பது வருடம் லிஃப்ட்டோடு வாழ்ந்தவருக்கு மூளையில் மிஞ்சியது அந்த ஒரு பொத்தான்தான் போலிருக்கிறது என்று மகள் சொல்லிச் சிரித்தாள், பிறகு குளியலறைக்குள் போய் அழுதாள். சொல்ல வந்தது வேறு, வந்து விழுவது வேறு என்று அவருக்கே தெரிந்தது. அதுதான் கொடுமை. முகம் சிவந்துபோய், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்.

வீட்டுக்கு வந்த பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. பயிற்சியாளர் வழுக்கைத் தலையும் பெரிய மூக்குக்கண்ணாடியுமாக, அவசரமே இல்லாத மனிதர். ஒரு சாவியின் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்றார். கணவர் உதட்டைக் குவித்தார்.

"சாவி. சாவின்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

நாற்காலி படம் வந்தது. "நாற்காலிங்க. தினமும் உக்கார்றீங்களே."

பயிற்சியாளர் படங்களைக் கீழே வைத்துவிட்டு, அக்காவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அக்கா, என்னைத் தெரியலயா? நானும் உங்ககிட்டதான் கார் கத்துக்கிட்டேன்."

"அப்படியா! நல்லா ஓட்டறீங்களா?"

"எங்க? நீங்க கடைசி வரைக்கும் உங்க பக்கத்து பிரேக்கயே மிதிச்சீங்க. இன்னைக்கு வரைக்கும் எந்த பிரேக்க எப்ப மிதிக்கணும்னு எனக்குச் சந்தேகம்." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவருக்கு வார்த்தைய எடுத்துக் குடுக்காதீங்க. உள்ளதான் இருக்கு. அவரே தேடி எடுக்கட்டும். ஒரு நிமிஷம் ஆனாலும் சரி, ரெண்டு நிமிஷம் ஆனாலும் சரி. நீங்க குடுத்துட்டா அவரு தேடறத விட்டுடுவாரு. பாதை அதோட மூடிக்கும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா பேசவில்லை. இத்தனை வருடமும் அவருக்குப் பேச்சு வராது என்றுதானே நினைத்திருந்தாள்? வரவிட்டாளா என்று ஒரு நாளாவது கேட்டுக்கொண்டாளா? அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் வாய்க்குள் பாதி வந்த வார்த்தைகளை எல்லாம் தானே பிடுங்கிப் பிடுங்கிச் சொல்லிவந்திருக்கிறோமோ என்று அவளுக்கு உறுத்தியது. இப்போது அவர் பேச்சு திரும்பாமல் போனால், அதில் பாதிப் பழி தன்மேல்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

எதையும் அளவோடு செய்யத் தெரியாதவள் அக்கா. வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்றுதான் பயிற்சியாளர் சொன்னார். அவள் வாய்க்கே பூட்டுப் போட்டுவிட்டாள். காலையில் காபியை நீட்டுவாள், பேச மாட்டாள். மாத்திரையை நீட்டுவாள், பேச மாட்டாள். ஏதாவது நாக்கு நுனிக்கு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிடுவாள். வண்டியிலும் அதே நிலைதான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் இது என்ன, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று பயந்துபோய், பயத்திலேயே ஒழுங்காக ஓட்டினார்கள்.

அவள் பேச்சை நிறுத்திய நான்காம் நாள் அவர் "தண்ணி" என்றார். அக்கா ஆனந்தத்தில் கத்தப்போய், வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறாம் நாள் "கதவு", எட்டாம் நாள் மகளின் செல்லப் பெயர். ஒற்றை ஒற்றையாகத்தான். அதுவும் ஒவ்வொன்றுக்கும் முகம் வியர்க்கும். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வரவில்லை. சில நாள் அதுவும் வராது, பழையபடி "மேல" என்று தொடங்கி, கையை உதறிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். மகள் போனில், "ஏம்மா, சேத்துப் பேச வருமா?" என்று கேட்டாள். "தெரியல" என்ற ஒரே சொல்லோடு அக்கா போனை வைத்தது அவள் சரித்திரத்திலேயே முதல் முறை.

பதினோராம் நாள் காலை. அவர் சாப்பாட்டு மேசையில் கைக்கான பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார். சொல்லிக்கொடுத்தது பஞ்சுப் பந்தை அமுக்கும் பயிற்சி. அவர் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தன் கருவிப்பெட்டியிலிருந்து போல்ட்டுகளையும் நட்டுகளையும் கொட்டி, வலது கையால் ஒவ்வொன்றாகத் திருகிப் பூட்டிக்கொண்டிருந்தார். நட்டு பிடிக்காமல் நழுவி விழும். எடுப்பார், மறுபடி திருகுவார். எதிரே அக்கா காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் படும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் நட்டைக் கீழே வைத்தார்.

"நீ" என்றார்.

அக்கா கத்தியை நிறுத்தினாள். தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று அவளுக்கே அவளைத் தெரியும்.

"நீ... ஏன்..."

ஏன் என்ன? ஏன் உப்புப் போடலையா? ஏன் வேலைக்குப் போகலையா? ஏன் ஜன்னலைத் திறக்கலையா? பத்துக் கேள்வி அவள் தொண்டை வரைக்கும் வந்து முட்டின. கடிகாரத்தைப் பார்த்தாள். வினாடி முள் ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் உதடுகள் எதையோ பிடிக்கப்போய் நழுவவிட்டன. அவள் காரட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முள் இன்னொரு சுற்றில் பாதி போனது.

"நீ... ஏன்... பேச... மாட்டேங்கற?"

முழு வாக்கியம். பக்கவாதம் வந்த பிறகு அவர் சேர்த்துச் சொன்ன முதல் வாக்கியம். அக்கா தலையைத் தூக்கினாள். அவர் முகம் வியர்த்திருந்தது. கண்ணில் சின்னப் பிள்ளையின் பயம் இருந்தது.

"எம்மேல... கோவமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பயிற்சியாளர் சொன்னதை அவரிடம் யாருமே சொல்லவில்லை. இருபத்தேழு வருடம் ஓயாமல் கேட்ட குரல் ஒரு நாளில் நின்றுபோக, பதினொரு நாளாக அந்த மனுஷன், தான் இப்படிப் படுத்துப்போனதற்குத்தான் பெண்டாட்டி பேச்சை நிறுத்திவிட்டாள் என்று நினைத்து, உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்பதற்காகவே ஒவ்வொரு சொல்லாகத் தோண்டி எடுத்துக் கோத்திருக்கிறார்.

"கோவமா? உங்க மேலயா? ஐயோ, என்னங்க இது, அந்தப் பேச்சு வாத்தியார்தான்..." என்று அக்கா உடைந்துபோய் ஆரம்பித்தாள். பதினொரு நாள் பேச்சு மொத்தமும் பீறிட்டுக்கொண்டு வந்தது.

அவர் வலது கையைத் தூக்கினார். நடுங்கிக்கொண்டுதான் எழுந்தது. மேசைக்கு ஒரு சாண் உயரம்கூட வரவில்லை. ஆனால் உள்ளங்கை அவளைப் பார்த்து விரிந்து நின்றது.

"இரு" என்றார். "நான்... இன்னும்... முடிக்கல."

அக்கா சட்டென்று நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படிச் சொன்னதே இல்லை. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து சொட்டியது, அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. சொல்லுங்க என்பதற்கு அடையாளமாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, "ம்" என்றாள்.